சிவப்புக் கோட்டுக்குக் கீழே

மந்திரி பேட்டரிப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். முள் அசையவில்லை. இன்னொரு தட்டு. ம்ஹூம். நேற்று இரவு அடியில் போய்ப் படுத்த முள், எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"கொஞ்சம் எழுந்திரேன்! உனக்குப் புண்ணியமாப் போகும்."

பெட்டியிடம் கெஞ்சி என்ன பயன்? கூரையில் இருக்கும் சோலார் தகடுகளின் மேல் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து மூன்று முறை துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். அவள் இறங்கி வருவதற்குள் மறுபடி மூடிவிட்டது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியவில்லை.

பதினோரு வயதுப் பெண்ணுக்கு மந்திரி என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்கிறீர்களா? அப்பா வைத்தது. அந்த உயரமான மலையில் இருக்கிற ஒரே விடுதி அவர்களுடையது. அப்பா சமைப்பார். அம்மா வழிகாட்டி, மலை ஏற வருகிறவர்களைக் கணவாய் வரைக்கும் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வருவார். சார்ஜ் போடுகிற அலமாரி மட்டும் மந்திரியின் ராஜ்ஜியம். யார் போனுக்கு எவ்வளவு நேரம் கரண்ட் என்பதை அவள்தான் சொல்வாள். கீழே ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, இங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

அம்மா ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார். பேட்டரிப் பெட்டியின் கண்ணாடியில் தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, "முள் இந்தக் கோட்டைத் தொட்டுட்டா, யார் வந்து கேட்டாலும் குடுக்காதே. மிச்சம் இருக்கிறது நம்ம வாக்கி டாக்கிக்கு" என்று சொல்லியிருந்தார்.

நேற்று மாலை முள் கோட்டைத் தொட்டது. மந்திரியும் அலமாரியைச் சாத்தினாள். அப்போதுதான் விடுதியில் தங்கியிருந்த வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். இரண்டு போன், ஒரு கேமரா, செங்கல் கனத்தில் ஒரு பவர் பேங்க் என்று எல்லாவற்றையும் கைக்குழந்தைகளைப் போலத் தூக்கிக்கொண்டு அலைகிறவர் அவர்.

"மந்திரியம்மா, ஒரே ஒரு மணி நேரம். நாளைக்கு என் பொண்ணுக்குப் பிறந்தநாள். அவ பனியே பார்த்ததில்ல. காலைல சிக்னல் பாறைக்கு ஏறிப் போய் வீடியோ கால்ல காட்டறேன்னு சொல்லியிருக்கேன்."

மந்திரிக்கு மனசு கேட்கவில்லை. வாக்கி டாக்கியில்தான் இரண்டு கட்டம் சார்ஜ் இருக்கிறதே! காலையில் வெயில் வந்ததும் பெட்டி நிரம்பிவிடும், அப்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பவர் பேங்கைச் செருகினாள். அது கோட்டுக்குக் கீழே இருந்ததையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் குடித்துத் தீர்த்தது.

வெயில் வரவே இல்லை.

மூன்று இருபதுக்கு விடுதிக் கதவு படாரென்று திறந்தது. கணவாய்ப் பக்கம் சாமான் ஏற்றிப் போய்த் திரும்பிய கோவேறு கழுதைக்காரர் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். மீசையெல்லாம் பனி.

"பனிப்பாலத்துல என் கழுதையோட கால் உள்ளே போயிடுச்சு! இழுத்து எடுக்கறதுக்குள்ள என் முட்டி திருகிக்கிச்சு!"

அப்பா கரண்டியோடு ஓடி வந்தார். விடுதிக்கு மேலே ஓடையின் குறுக்கே பனி மூடி இறுகிப் பாலம் போல ஆகியிருக்கும். எல்லோரும் அதன் மேல்தான் நடந்து வருவார்கள்.

"கீழே பூரா கரைஞ்சு ஓட்டையா இருக்கு. மேல புதுப்பனி மூடிடுச்சு. பார்த்தா ஒண்ணுமே தெரியாது. இன்னொரு தடவை யாராவது கால் வெச்சா அவ்வளவுதான், நேரா ஓடைக்குள்ள!"

அப்பாவின் கரண்டி கீழே விழுந்தது. "அவ இப்போ அந்த வழியாத்தானே வருவா?"

அம்மா இரண்டு பேரை அழைத்துக்கொண்டு கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கெல்லாம் பாலத்துக்கு வந்துவிடுவார். பாறைகளைச் சுற்றி வருகிற மேல் வழி ஒன்று இருந்தது. தூரம் அதிகம், ஆனால் பத்திரம். இரண்டு வழியும் பிரிகிற இடம் ஓடைக்கு அந்தப் பக்கம். இங்கேயிருந்து மேல் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாலும் தண்ணீர் போடுகிற இரைச்சலில் காதில் விழாது; கொட்டுகிற பனியில் கை ஆட்டினாலும் தெரியாது.

"நாலு மணிக்கு உங்கம்மா வாக்கி டாக்கியை ஆன் பண்ணுவாங்கல்ல? சொல்லிட்டாப் போச்சு," என்றார் பல் டாக்டர். விடுதியில் தங்கியிருந்த அக்கா அவர்.

சார்ஜை மிச்சம் பிடிப்பதற்காக அம்மா நாலு மணிக்கு ஐந்தே நிமிடம்தான் ஆன் செய்வார். மந்திரி ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே வைத்தால்தான் நன்றாகக் கேட்கும் என்று வாக்கி டாக்கி எப்போதும் ஜன்னல் ஓரமாகவே இருக்கும். பொத்தானைத் திருகினாள். சின்ன விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

மறுபடி திருகினாள். ஒன்றுமில்லை.

"சார்ஜ் போடு!" என்றார் அப்பா.

"பெட்டியில இல்லப்பா." மந்திரி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்... நேத்து கோட்டுக்குக் கீழே குடுத்துட்டேன்."

அப்பா குனிந்து கீழே கிடந்த கரண்டியை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வங்கி அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. அறைக்குள் ஓடிப் பவர் பேங்கைத் தூக்கி வந்தார். "இந்தா, இதுல போடு! பாதிக்கு மேல இருக்கு!"

"அதோட பின் வேற, அங்கிள். இதுல சேராது."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். மந்திரி வாக்கி டாக்கியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பனிக்கட்டியைத் தொட்டது போல ஜில்லென்றிருந்தது. அழுகை வந்துவிட்டது.

'காலைல ஒன்பது மணிக்குப் பார்த்தேன். ரெண்டு கட்டம் இருந்துச்சு. அப்புறம் யாரும் பேசலை. பேசாம எப்படித் தீரும்?'

அழுகை அப்படியே நின்றது.

அவள் அலமாரிக்கு எத்தனை போன்கள் 'செத்துப்போச்சு' என்று வந்திருக்கின்றன! அடுப்படிப் பக்கம் கொஞ்ச நேரம் இருந்தாலே அதில் பாதி தானாக எழுந்து உட்கார்ந்துவிடும். நேற்றுகூட டாக்டரக்காவின் போன் அப்படித்தான் எழுந்தது.

"இது தீரலை! குளிர்ல விறைச்சுப் போயிருக்கு. சூடு பண்ணினா வரும்!"

"அப்போ அடுப்பு மேல வை!" வங்கி அதிகாரி பிடுங்கப் போனார்.

"ஐயோ, வேண்டாம்! ரொம்பச் சூடானா உப்பி வெடிச்சிடும். உடம்புச் சூடு போதும்."

பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தாள். சோப்புக் கட்டி அளவுதான் இருந்தது. ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு ஒட்டி வைத்தாள். "அம்மாடி!" என்று ஒரு துள்ளு துள்ளினாள்.

"மூணு முப்பத்தஞ்சு," என்றார் டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

ஐந்து நிமிடம் போயிற்று. மந்திரியின் வயிறுதான் குளிர்ந்துகொண்டிருந்தது. பேட்டரி அப்படியேதான் இருந்தது. ஒல்லிக்குச்சி உடம்பில் சூடு எங்கேயிருந்து வரும்? சுற்றிலும் பார்த்தாள். டாக்டரும் ஒல்லி. கழுதைக்காரர் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். வங்கி அதிகாரிக்கோ கைகளெல்லாம் நீலம் பாய்ந்திருந்தன.

அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். காலையிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிறவர். அதோடு அவருடைய தொப்பை! 'ஒரு மாசம் என்னோட மலை ஏறினா இது கரைஞ்சிடும்' என்று அம்மா தினமும் கேலி செய்கிற, குண்டான் மாதிரித் தொப்பை.

"அப்பா! ஸ்வெட்டரைத் தூக்குங்க!"

"எதுக்கு?"

"தூக்குங்கப்பா, சொல்றேன்!"

அப்பா தூக்கினார். தொட்டுப் பார்த்தால் வெந்நீர்ப் பை மாதிரிக் கதகதவென்று இருந்தது. பேட்டரியை வைத்தாள்.

"ஆ... ஆ... ஆத்தாடி!"

"ஆடாதீங்க!"

டாக்டர் ஒரு கம்பளிச் சால்வையால் தொப்பையை இறுக்கிக் கட்டினார். அப்பா மூச்சு விடவும் பயந்துகொண்டு சிலை மாதிரி நின்றார்.

"மூணு ஐம்பது."

வங்கி அதிகாரி ஒரு தாளில் மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தார். "மந்திரியம்மா, இதைப் படி. 'விடுதியிலிருந்து பேசுகிறோம். இன்று பிற்பகல் சுமார் மூன்று மணியளவில்...'"

"அங்கிள், பேசினா சார்ஜ் ரொம்பக் குடிக்கும். கேக்கறதுக்குக் கொஞ்சம் போதும். நாலு வார்த்தைதான் சொல்ல முடியும்."

"நாலே நாலா? மரியாதைக்கு ஒரு..."

"சார், கொஞ்சம் வாயை மூடுங்க," என்றார் டாக்டர். "பல் டாக்டர் ஆன நாளிலேர்ந்து நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல."

வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். இன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டு. மந்திரி பேட்டரியை எடுத்துச் செருகினாள். அவசரத்தில் மூடி இரண்டு தடவை நழுவியது. பொத்தானைத் திருகினாள்.

விளக்கு எரிந்தது. ஒரு கட்டம்!

ஜன்னல் ஓரம்தான் கேட்கும். ஆனால் அங்கே வைத்தால் மறுபடி விறைத்துவிடும். மந்திரி யோசிக்கவே இல்லை. வாக்கி டாக்கியை அப்பாவின் ஸ்வெட்டருக்குள் விட்டு, கழுத்து வழியாக ஆன்டெனாக் கம்பியை மட்டும் வெளியே இழுத்துவிட்டு, அப்பாவைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்தினாள். அப்பாவின் தாடைக்குக் கீழே கம்பி கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தொப்பைக்குள்ளிருந்து 'உஷ்ஷ்' என்று இரைச்சல் வந்தது.

"நாலு."

இரைச்சல் மட்டும்தான்.

"கூப்பிடு! கூப்பிட்டுப் பாரு!" வங்கி அதிகாரி தவித்தார்.

மந்திரிக்கும் விரல் துடித்தது. ஆனால் அம்மா ஆன் செய்யாமல் இருந்தால்? இருக்கிற சார்ஜும் காற்றோடு போய்விடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நாலு ஒண்ணு... நாலு ரெண்டு..."

கரகரவென்று ஒரு சத்தம். "...விடுதி... கேக்குதா... நாங்க கணவாய்க்குக் கீ..."

அம்மா! மந்திரி ஸ்வெட்டருக்குள் கையை விட்டு அழுத்தினாள். அப்பாவின் கழுத்தருகே வாயை வைத்துக் கத்தினாள்.

"பனிப்பாலம் ஓட்டை! மேல் வழி! பனிப்பாலம் ஓட்டை! மேல் வ..."

'கீங்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி வயிற்றோடு வைத்துச் சூடு செய்து பார்த்தார்கள். இந்தத் தடவை நிஜமாகவே தீர்ந்துவிட்டது.

அம்மா காதில் விழுந்ததா? யாருக்கும் தெரியாது.

ஐந்து மணி ஆயிற்று. மந்திரி ஜன்னலை விட்டு நகரவில்லை. பாலத்து வழி இடது பக்கம். அங்கே யாரும் வரவில்லை. ஐந்தே கால். ஐந்தரை. யாரும் வரவில்லை. மேல் வழியில் போயிருந்தால் இப்போது வர முடியாது, அது நல்லதுதான். ஆனால் பாலத்தில் ஏதாவது ஆகியிருந்தாலும் யாரும் வரமாட்டார்களே!

அப்பா வந்து பக்கத்தில் நின்றார். அவள் தலையில் கை வைத்தார்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. மணி ஏழை நெருங்கியது.

"வலது பக்கம் பாரு!" திடீரென்று டாக்டர் கத்தினார்.

வலது பக்கப் பாறைகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு டார்ச் வெளிச்சம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. கூடவே அம்மாவின் விசில் சத்தம்.

மந்திரி ஷூகூடப் போடாமல் ஓடினாள். பனியில் விழுந்து எழுந்து போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"கேட்டுச்சாம்மா? நான் சொன்னது கேட்டுச்சா?"

"முதல்ல ஒரே கரகரப்புடி. அப்புறம் 'ஓட்டை, மேல்'. அது மட்டும்தான் கேட்டுச்சு. எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீ மட்டும் 'எப்படிம்மா இருக்கீங்க'ன்னு ஆரம்பிச்சிருந்தா, நாங்க பாலத்துலதான் போயிருப்போம்."

வங்கி அதிகாரி கையிலிருந்த தாளைச் சத்தமில்லாமல் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உள்ளே வந்து, கூட வந்த இரண்டு பேரும் சூப் குடிக்க உட்கார்ந்ததும் மந்திரி அம்மாவின் முன்னால் போய் நின்றாள். "அம்மா, கோட்டைத் தாண்டிக் குடுத்தது நான்தான். அதனாலதான் இவ்வளவும்."

"கேட்டது நான்," என்றார் வங்கி அதிகாரி. "தப்பு என் மேலதான்."

அம்மா இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தன் பையைத் துழாவி நகப்பூச்சுப் புட்டியை எடுத்து வந்து மகளிடம் கொடுத்தார்.

"பிறந்தநாள்னு கேட்டா நானும்தான் குடுத்திருப்பேன். கோட்டை இன்னும் ரெண்டு விரல் மேல தள்ளிப் போடு."

மந்திரி போட்டாள். கோடு நேராக விழுந்தது.

"அது சரி, விறைச்ச பேட்டரியை எப்படி எழுப்பினீங்க?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். சால்வையை அவிழ்க்க மறந்து அப்படியே நின்றிருந்தார் அவர். விஷயம் தெரிந்ததும் அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரித்ததால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை. "இனிமே இந்தத் தொப்பையைக் கரைக்கிற பேச்சே கிடையாது," என்றார்.

மறுநாள் நல்ல வெயில். சார்ஜ் அலமாரியின் கதவில் மந்திரியின் கையெழுத்தில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது:

'குளிரில் விறைத்த போன்களை அலமாரியில் வைக்க வேண்டாம். அடுப்படியில் அப்பாவிடம் கொடுக்கவும்.'

காலைச் சாப்பாடு தயாராவதற்கு முன்பே அடுப்படி வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள், இரண்டு போனையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு, வங்கி அதிகாரிதான்.