மடித்த மூலை

விடிந்ததும் அவள் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த நீல ஃபைலைக் காணவில்லை.

கூடத்து மேஜைமேல் அது கிடந்தது. மகன் கண்ணாடி முன்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அதைக் குடுத்துடுப்பா..."

"அப்பா கடைசியா பேசினது இதுலதான இருக்கு? இன்னிக்கு நினைவுக் கூட்டத்துல நான் படிக்கப்போறேன்."

"பிரிச்சுப் பாத்தியா?"

"அப்பா மேடையிலதான் கயிறை அவிழ்ப்பாரு. நானும் அப்படித்தான்." குரல் கசந்தது. "உயிரோட இருந்தப்ப என்னை அவரோட பத்து நிமிஷம் தனியா பேச விட்டியா? சம்சாரம் முன்னால, தலைவர் பின்னாலன்னு ஊரே சிரிச்சுது. செத்தப்புறமும் பூட்டி வைக்கணுமா?"

ஃபைலில் இருந்தவை வெற்றுத் தாள்கள்.

அவள் கணவர் இரும்புக்கடைக்காரர், வியாபாரிகள் சங்கத் தலைவர். தடவிப் பார்த்தே ஆணியின் அளவைச் சொல்லிவிடுவார். தொழில் சாமர்த்தியம் என்றது ஊர். கடைசி ஆறு வருஷம் அவருக்குக் கண் தெரியவில்லை என்பது இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வெளியே போனால் அவள் முன்னால் நடக்க, அவள் தோளில் கை வைத்தபடி பின்னால் வருவார். அவர் சொல்லச் சொல்ல எழுதி, காலையில் மூன்று முறை படித்துக் காட்டுவாள். அவள் கையெழுத்து யார் கண்ணிலும் படக் கூடாதென்று மேடையில் அவர் வெற்றுத் தாளைப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பேசுவார்.

"கண்ணு தெரியாதவனா நமக்குப் பாலம் வாங்கித் தரப்போறான்னு கேப்பானுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாத. பையன்கிட்டயும்தான்... அவன் வாயில எது நின்னுது?" என்று சத்தியம் வாங்கியிருந்தார். பாலம் திறந்த மூன்றாம் வாரம் போய்ச் சேர்ந்தார். இன்று தெரிந்தால் ஏமாற்றுக்காரர் என்றுதான் அவர் பெயர் நிற்கும்.

இனியும் மறைக்க முடியாது. "ராஜா, அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தனார் உள்ளே வந்தார். அவர் காதில் விழுந்தது கடைத்தெருவுக்குப் போய்ச்சேர ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அண்ணி, இன்னிக்காவது கீழ உக்காருங்க. மேடைக்கு வராதீங்க."

வழியெல்லாம் கொழுந்தனார் கூடவே வந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. மகன் மைக் முன்னால் நின்று கயிறை அவிழ்த்தான். முதல் தாளைப் புரட்டினான். அடுத்ததையும் புரட்டினான். யாரோ இருமினார்கள். முன்வரிசையில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தன. அவன் முகம் வெளிறி, கண்கள் அவளைத் தேடின.

அவள் எழுந்தாள்.

"அண்ணி, சொன்னேன்ல..." கொழுந்தனாரைத் தாண்டி மேடையேறி, மகனுக்குப் பின்னால் நின்றாள்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு," என்று முணுமுணுத்தாள். "அக்கரைக்குப் போக இனிமே படகுக்குக் காத்திருக்க வேண்டாம்..."

நடுங்கிய குரலில் அவன் சொன்னான். ஒவ்வொரு வரியாக அவள் எடுத்துக்கொடுத்தாள். கூட்டம் அடங்கிக் கேட்டது. தாளின் வலது மேல்மூலை மடிந்திருப்பது அவன் விரலில் பட்டது. அடுத்த தாளிலும் அப்படியே. கண்ணால் பார்க்காமல் தடவியே தாளைப் புரட்டுவதற்கு மடித்த மூலை. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான். "எத்தனை வருஷமாம்மா?"

"ஆறு."

கடைசி வரி வந்தபோது அவளுக்கு வாய் வரவில்லை. அவளைப் பற்றிய வரி அது. பாலத் திறப்பு விழாவில் அவர் அதைச் சொன்னதும் ஊரே வேடிக்கைப் பேச்சென்று சிரித்தது. இவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மறக்கவில்லை.

"நான் இவ்வளவு தூரம் வந்தேன்னா," அவன் குரல் உடைந்தது, "என் சம்சாரம் எனக்கு முன்னால நடந்ததாலதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஃபைலைக் கட்டி அவள் கையில் கொடுத்தான். ஒரு வருஷமாக அழாதவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

மேடைப் படியருகே கொழுந்தனார் அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

"நீ முன்னால போம்மா," என்றான் மகன். அவள் தோளில் கை வைத்தபடி பின்னாலேயே இறங்கினான்.