வீடு பூட்டியிருந்தது

கடற்காற்று நின்றுபோய் மூன்று வாரமாகியிருந்தது. பகல் பதினொன்றிலிருந்து நான்குவரை யாரும் வெளியே வரவேண்டாம் என்று காலையிலேயே வானொலியில் எச்சரித்துவிட்டார்கள். ஏசி மெக்கானிக்குக்கு அதெல்லாம் பொருந்தாது. ஊரே வீட்டுக்குள் முடங்கினால்தான் எங்களுக்கு வேலை. அன்றைய ஐந்தாவது வீட்டுக்குப் படியேறும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் வியர்வை நாற்றம் எனக்கே பிடிக்கவில்லை.

பாதிப் படியில் மனைவியின் ஃபோன். அவளுக்கு எட்டாவது மாதம். வெக்கை படவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நம்ம ஏசி ஒரு மாதிரி உறுமுதுங்க."

"வேலை முடிச்சிட்டு வந்து பாக்குறேன். ஊருக்கெல்லாம் பாக்குறவன் உனக்குப் பாக்க மாட்டேனா?"

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்த பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். உள்ளே காலை வைத்ததுமே காரணம் புரிந்தது. சாக்கடை நாற்றமில்லை, செத்த எலியுமில்லை. லேசாக இனிக்கிற ஒரு கெட்ட வாடை. மூச்சு விட்டால் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. ஏசிக்குக் கீழே சுவரில் மஞ்சளாக ஒரு கோடு வழிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று கொழுப்பு.

தண்ணீர் வெளியேறும் குழாயில்தான் அடைப்பு. காற்றடிக்கும் இயந்திரத்தை மச்சான் வேறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தான். அவன் என் மனைவியின் தம்பி, என்னிடம்தான் தொழில் பழகினான். இயந்திரம் இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். அந்தப் பெண் திரும்பியிருந்த நேரம் பார்த்துக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினேன்.

அசையவில்லை. இன்னும் பலமாக உறிஞ்சினேன்.

மொத்தமாக வந்தது.

வெதுவெதுப்பாக, கெட்டியாக, உப்புக் கரித்துக்கொண்டு வாய் நிறைந்தது. ஜன்னலுக்கு ஓடித் துப்பினேன். துப்பியும் நாக்கின் அடியில் ஏதோ மிச்சமிருந்தது. விரலை விட்டு இழுத்தேன். நரைமுடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"ஐயையோ, வாய வச்சீங்களா?" என்றார் அந்தப் பெண். "மேல் வீட்டுக் குழாயும் அதுலதான் சேருது."

"மேல யாரு இருக்காங்க?"

"இப்ப யாருமில்ல. ஒரு டீச்சரம்மா தனியா இருந்தாங்க. ரெண்டு வாரம் முன்னாடி இந்த வெக்கையிலதான் போனாங்க. நாலு நாள் கழிச்சு வாடை வந்துதான் எங்களுக்கே தெரியும். கழுவி விட்டதெல்லாம் இந்தக் குழாய் வழியாத்தான் போச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏசி ஓடலைன்னு கம்பெனிக்கு அஞ்சு தடவ ஃபோன் பண்ணாங்க. மெக்கானிக் வந்தாராம், வீடு பூட்டியிருந்துச்சாம். எப்படிங்க பூட்டியிருக்கும்? அவங்களால நடக்கவே முடியாது. காத்துக்காகக் கதவத் திறந்தேதான் வச்சிருப்பாங்க."

அந்த மெக்கானிக் நான்தான். நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது, அன்று ஏற்கெனவே ஏழு வேலை. கீழே நிழலில் வண்டியில் உட்கார்ந்தபடியே வேலைச் சீட்டில் எழுதினேன்: வீடு பூட்டியிருந்தது. சீசனில் எல்லோரும் எழுதுவதுதான். மச்சானுக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வாயில் இருந்த அந்தச் சனியனைவிட என்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

தலைக்கு மேலே ஓர் உறுமல் கேட்டது.

"மேல ஏசி ஓடுதே?"

"அங்க கரண்ட்டையே துண்டிச்சாச்சே."

கையிலிருந்த குழாய் மெல்ல நடுங்கியது.

அதிலிருந்து மூச்சு வந்தது.

"வந்துட்டியாப்பா?"

கருவிப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். எப்படி வண்டி ஓட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் ஏசி நின்றுபோயிருந்தது. மனைவி தரையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, கண் செருகியது. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போகவே இல்லை. மச்சானுக்குப் போனது. "அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், வேனை எடுத்துட்டு ஓடிவா" என்றேன். கதவை அகலத் திறந்துவைத்து, அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தேன். எதிரே படிக்கட்டு வெயிலில் காலியாகக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே வேன் வந்து நின்றது. செருப்புச் சத்தம் படியேறி வந்து, என் முன்னால் நின்றது. ஆளைக் காணவில்லை.

ஃபோன் அடித்தது.

"மாமா, எங்க இருக்கீங்க? வீடு பூட்டியிருக்கு."

"விளையாடாதடா! கதவத் திறந்து வச்சிட்டு வாசல்லதான் உக்காந்திருக்கோம்."

"நான் கதவுக்கு முன்னாடிதான் மாமா நிக்கிறேன். பூட்டு தொங்குது." அவன் யாருடனோ பேசுவது கேட்டது. பிறகு சொன்னான், "இங்க நரைச்ச தலையோட ஒரு அம்மா நிக்கிறாங்க. நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டீங்கன்னு சொல்றாங்க. நான் அங்க வந்துடவா?"

போகாதே என்று கத்த வாயைத் திறந்தேன். நாக்கின் அடியிலிருந்து முடி ஒன்று நெளிந்து தொண்டைக்குள் இறங்கியது. குரல் எழவில்லை.

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. கீழே வேன் கிளம்பியது.