ஐஸுக்குள் மூழ்கிய காசு

"செத்துப்போச்சு!"

டெஸ்ட் ட்யூபும் கையுமாகப் பேராசிரியர் அலறினார்.

ஆய்வகமே 'மிளகா' என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவி வெடுக்கென்று திரும்பினாள்.

"யாரு சார்?"

"என்சைம்! உங்க அக்கா பையனோட ரத்த செல்லுல துளிகூட வேலை செய்யல. ஜீன் பழுது! உள்ள குப்பை அள்ள ஆளில்ல. கொழுப்பு ஈரல்ல சேர்ந்துதான் வயிறு வீங்கியிருக்கு."

மிளகா வாசலைப் பார்த்தாள்.

வாசலில் அக்கா... மடியில் எட்டு மாத வாண்டு. பால் புட்டியோடு மல்யுத்தம்!

"நானே சொல்லிடறேன்..." பேராசிரியர் நகர்ந்தார்.

"நில்லுங்க சார்! ஒப்பிட்டுப் பார்க்க எப்பவும் உங்க ரத்தத்தையும் வைப்போமே?"

"எனக்கென்ன குறை? வீண் வேலைன்னு விட்டுட்டேன். நேத்து டிகிரி வாங்கிட்டு எனக்கே பாடமா?"

"எங்க வீட்டுல முதல் டிகிரி சார். பாதியில விடற பழக்கம் இன்னும் வரல!"

லீவுக்கு முன்னால் வாண்டின் ரத்தத்தை வைத்த அதே ஃப்ரீசர். அதே தட்டு. பக்கத்திலேயே இருந்த அவருடைய ரத்த ட்யூபை எடுத்து டெஸ்ட்டில் போட்டாள்.

காத்திருந்தார்கள்...

பூஜ்யம்!

"வாழ்த்துக்கள் சார். உங்களுக்கும் அதே வியாதி!"

பேராசிரியர் முகம் சுண்ணாம்பானது. கை தானாகத் தொப்பையைத் தடவியது.

"ஏம்மா... ஈரலா இருக்குமோ?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஜீன் கெடுமா? இது கொலை சார்!"

ஃப்ரீசரைத் திறந்தாள். ஓரத்தில் ஐஸ் நிரம்பிய டம்ளர்.

"ஃப்ரீசர் நின்னா தெரியணும்னு ஐஸ் மேல காசு வெச்சேன். இப்ப எங்க பாருங்க!"

காசு அடியில் கிடந்தது!

"ஐஸ் உருகி, காசு முங்கி, திரும்ப உறைஞ்சிருக்கு. லீவு முழுக்க ட்யூப் வெந்திருக்கு. ப்ளக்கைப் பிடுங்கினது யாரு?"

பேராசிரியர் மேஜைக்கடியிலிருந்து ஒரு ஒயர் எட்டிப் பார்த்தது. இழுத்தாள்.

கால் பிடித்துவிடும் மெஷின்!

"கால் வலிம்மா... இன்னைக்குக் காலைலதான் ஞாபகம் வந்து ஃப்ரீசரைத் திரும்ப மாட்டினேன்..."

"மாட்டிக்கிட்டீங்க!"

புது ரத்தம் எடுத்தார்கள். வாண்டு ஊரைக் கூட்டினான். பேராசிரியர் அவனைவிடச் சத்தமாக!

இந்த முறை இரண்டு என்சைமும் ஜம்மென்று வேலை செய்தன.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அப்போ இவன் வயிறு?"

"எல்லாம் பால்தான்க்கா! டாக்டர்கிட்ட காட்டு. மொதல்ல அந்தப் புட்டியைப் பிடுங்கு!"

பேராசிரியர் தயங்கித் தயங்கி வந்தார். "என்னோடது?"

"என்சைம் நிரபராதி சார். உங்க தொப்பைக்கு நீங்க மட்டும்தான் குற்றவாளி!"