அழிக்கச் சொன்ன உருவம்

ணங்ங்!

லிஃப்ட் மணி. கண்காணிப்புக் கேமராப் பதிவைத் திருத்த உட்கார்ந்திருந்த அவள், மவுஸை நகர்த்தாமல் காது கொடுத்தாள். விபத்துக்குப் பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, சீல் வைத்துப் பூட்டிய லிஃப்ட் அது.

"அழிச்சாச்சா?" என்று உள்ளே வந்தார் மேனேஜர். மணி அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"லிஃப்ட் கம்பி தேஞ்சு போச்சுன்னு லிஃப்ட் அண்ணன் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே சார்!" என்றாள்.

"செத்தவனுக்கு நீ என்ன வக்கீலா? விசாரணைக்கு ஆள் வர்றாங்க. அவன் அன்னிக்கு வேலைக்கே வரலை. புரியுதா? வேலை வேணும்னா அழி."

கீழே வரவேற்பறையில், லிஃப்ட் இயக்கிவந்த அண்ணனின் மனைவி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பதிவை விட்டால் அவளுக்கு வேறு சாட்சி இல்லை.

முதல் காட்சியில் அண்ணனின் தோளில் ஒரு முறை சொடுக்கினாள். உருவம் முழுக்கச் சிவப்பு படர்ந்தது. இனி மென்பொருளே அவரை நினைவில் வைத்துக்கொண்டு, அவர் திரும்பினாலும் குனிந்தாலும் தூணுக்குப் பின்னால் மறைந்து வந்தாலும் தேடிப் பிடித்துச் சிவப்பு பூசும். பூசிய இடத்தில் வெறும் சுவரை நிரப்பும். இரண்டு பேர் உரசி நின்றால் மட்டும் குழம்பிப்போய், சிவப்பு அடுத்தவர் மேல் தாவிவிடும். அதைத் திருத்தத்தான் அவளுக்குச் சம்பளம்.

அண்ணன் மறைந்தார்.

"நான் லிஃப்ட் வாசல்ல போய் நிக்கிறேன். நேரடிக் கேமராவைப் போட்டு, சுவர் ஒத்துப்போகுதான்னு பாரு" என்று போனும் கையுமாகக் கிளம்பினார் மேனேஜர்.

ஆத்திரத்தில், மென்பொருளின் பழைய நினைவைத் துடைக்காமலே நேரடிக் காட்சியைத் திறந்துவிட்டாள்.

திரையில் மேனேஜர். அவருக்குப் பின்னால் பூட்டிய லிஃப்ட் கதவு. அதன் நடுவே, மெல்ல மெல்ல, சிவப்பு.

ஒரு தோள். ஒரு கை. வளைந்த கழுத்து.

கதவு திறக்கவில்லை. உருவம் வெளியே வந்தது. மேனேஜரின் முதுகோடு ஒட்டி நின்றது.

சிவப்பு தாவியது.

ஒரே சொடுக்கில் திருத்திவிடலாம். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

மேனேஜரின் கால்கள் சுவராயின. பிறகு இடுப்பு. பிறகு முகம்.

போனில் மூச்சு இரைத்தது. "ஏய்... காலு மரத்துப்போச்சு... கிரீஸ் நாத்தம் வேற. என் பின்னாடி யாராவது இருக்காங்களா, பாரு!"

"அண்ணன் இருக்கார் சார். நீங்கதான் இல்ல."