ஈப்போ மண்டபத்தின் மேற்குச் சுவர்

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன் சுவரைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு என்றால் வாடகை பாதி. சுவருக்குக் காது உண்டு என்று சொன்ன காலம் போய், அதற்கு வாயும் முளைத்துவிட்டது.

அந்த வாய்க்குச் சுவர்வாங்கி என்று பெயர். ஈரச் சுண்ணாம்பு இறுகிக் கல்லாவதற்கு ஆண்டுக்கணக்காகும். அதற்குள் அறையில் எழும் ஒலிகளெல்லாம் அதன் மணிகளுக்குள் நடுக்கமாக உறைந்துவிடும். சுவர்வாங்கி அந்த மணிகளைச் சூடேற்றி, நடுக்கத்தை மறுபடி ஒலியாக்கும். சூடுபட்ட படலம் அத்தோடு செத்துப்போகும். ஆகவே எந்தச் சுவரையும் ஒருமுறைதான் கேட்க முடியும்.

அந்த ஒருமுறைக்காகத்தான் ஜெனிட்டா சென்னை ராயபுரத்திலிருந்து மலேசியாவின் பழைய ஈயச் சுரங்க ஊரான ஈப்போவுக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில் யார் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்தில் நின்றவன் மலேசியாவிலேயே கிள்ளான் நகரைச் சேர்ந்த திருவரசு. இருவரும் 'அலைதாங்கி' என்ற ராயபுரத்து ராக் குழுவின் ரசிகர்கள். அதனாலேயே பரம எதிரிகள். சண்டை ஒரே ஒரு கச்சேரியைப் பற்றியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், கையில் பெயரோ புகழோ இல்லாத நேரத்தில், அலைதாங்கி தன் முதல் வெளிநாட்டுக் கச்சேரியை இந்த மண்டபத்தில் நடத்தியது என்பது கதை. கூட்டம் புட்டிகளை வீசியதாம். யாரோ மின்சாரத்தை நிறுத்தினார்களாம். பாடகர் டெரன்ஸ் அந்த இருட்டில், ஒலிவாங்கிகூட இல்லாமல், 'விளக்கை அணைச்சா என்ன, குரலை எங்கே அணைப்பே?' என்று பாடிக் கூட்டத்தை அடக்கினாராம். குழுவின் உயிரே அந்தப் பாட்டுதான். ஜெனிட்டா அந்த வரியை முன்கையில் பச்சை குத்தியிருந்தாள்.

அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்லை என்பது திருவரசுவின் கட்சி. ரசிகர்களின் இணையப் பொதுமன்றத்தில் அவளைப் 'புராணக்காரி' என்று எழுதுவான். அவள் பதிலுக்கு எழுதியதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது.

"இன்னிக்கு உங்க வாய் அடைபடும், பாருங்க," என்றாள்.

"சுவர் சொல்லட்டும்லா. நீங்க ஏன் இப்பவே கத்துறீங்க?"

மண்டபத்தை இடிக்க ஆள் வந்தாயிற்று. இயந்திரத்தை இயக்க வந்திருந்த புவனேஸ்வரி இருவருக்கும் விதியைச் சொன்னாள். "கேட்டு முடிச்சதும் ரெண்டு பேரும் கைரேகை வைக்கணும். ஒருத்தர் வைக்கலன்னாலும் மெஷின் எல்லாத்தையும் அழிச்சிடும். சட்டம் அப்படி. வெளியில எதையும் எடுத்துட்டுப் போக முடியாது."

போலிக் குரல்களால் ஊர் நாறிப்போயிருந்த காலம் அது. இருதரப்பு ரேகை இல்லாத ஒலியை எவரும் ஒலியாகவே மதிப்பதில்லை.

மேற்குச் சுவரில் இயந்திரம் ஊர்ந்தது. முதலில் இரைச்சல். பிறகு நாற்காலிகள் இழுபடும் ஓசை. பிறகு ஒரு குரல்: "மெட்ராஸ்லேருந்து வந்திருக்கிற அலைதாங்கி!"

"கேட்டீங்களா? கேட்டீங்களா?" ஜெனிட்டா துள்ளினாள். திருவரசுவின் முகம் தொங்கிப்போனது.

சுருதி சேராத கிடார். கூச்சல். புட்டி உடையும் சத்தம். திடீரென்று ஒலிபெருக்கிகளின் உறுமல் நின்றது. மின்சாரம் போய்விட்டது. ஜெனிட்டா காதைச் சுவர்ப்பக்கம் சாய்த்தாள். வாழ்நாளெல்லாம் அவள் காத்திருந்த இடம் அது.

டெரன்ஸின் குரல் சுவருக்கு மிக அருகில் கேட்டது.

"டேய், கிடாரை எடு. பின்கதவு எங்கடா? ஓடுங்கடா!"

மண்டபத்துக்குள் புட்டிகள் இன்னும் உடைந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒரு பெண்குரல் எழுந்தது. பதினாறு பதினேழு வயதுதான் இருக்கும். மேடையிலிருந்து அல்ல, கூட்டத்துக்குள்ளிருந்து.

'விளக்கை அணைச்சா என்ன, குரலை எங்கே அணைப்பே?'

அதே மெட்டு. ஆனால் தொடர்ந்து வந்த அடிகளை எந்த ரசிகரும் கேட்டதில்லை.

'ஈயம் தோண்டின குழியில தண்ணி நிக்குது
எங்கப்பன்...'

அடுத்த சொல்லின் மேல் ஒரு புட்டி உடைந்தது.

'...அதுல இன்னும் மிதக்குது.'

அதற்குப்பின் எதுவும் உடையவில்லை. அவள் பாடி முடிக்கும்வரை மண்டபம் அப்படியே அடங்கிக் கிடந்தது. பின்கதவருகே டெரன்ஸ் மெதுவாகச் சொன்னார்: "அந்த மெட்டை மனசுல வாங்கிக்கடா. ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம்."

இயந்திரம் நின்றது. ஜெனிட்டாவுக்குக் காதுமடல்கள் கொதித்தன. இத்தனை வருடமும் அவள் யாருக்காகக் கத்தினாளோ, அந்த மனிதர் புட்டிக்குப் பயந்து ஓடியிருக்கிறார். ஓடிய இடத்தில் நின்று ஒரு சின்னப் பெண்ணின் பாட்டைத் திருடியிருக்கிறார். அவள் கட்டைவிரலை இயந்திரத்தின் தகட்டில் குத்துவதுபோல் வைத்து அழுத்தினாள்.

திருவரசு கைகளைச் சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டான்.

"வைங்க," என்றாள்.

"மாட்டேன்."

"நீங்க சொன்னதுதானே நடந்திருக்கு? கதை பொய்னு சொன்னீங்களே!"

"கச்சேரி நடக்கலன்னுதான் சொன்னேன். டெரன்ஸ் திருடன்னு சொன்னேனா? அவர் செத்து ரெண்டு வருஷம்கூட ஆகல. அவரைத் தெருவுல இழுக்க நான் கைநாட்டு வைக்கணுமா?"

"அப்போ அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு? பேரு தெரியுமா உங்களுக்கு?"

ஜெனிட்டா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பையிலிருந்து கையை உருவித் தகட்டை நோக்கி இழுத்தாள். தையல் கிழிந்தது.

"விடுங்கக்கா," என்றாள் புவனேஸ்வரி. "அவரா வச்சாத்தான் செல்லும். நாடித்துடிப்பை வச்சே மெஷின் கண்டுபிடிச்சிடும். அவ்வளவுதான், இப்பவே எல்லாம் அழிஞ்சு போச்சு."

இந்தியா திரும்பிய அன்றே ஜெனிட்டா, அந்தப் பெண் பாடிய புது அடிகளைத் தவிர, எல்லாவற்றையும் பொதுமன்றத்தில் எழுதினாள். அவள் நடத்திய கட்சி அவள்மேல் பாய்ந்தது. மறுப்புக் கட்சியும் பாய்ந்தது. கச்சேரி நடந்ததென்று சத்தியம் செய்தவர்களும் இல்லையென்று சத்தியம் செய்தவர்களும் ஒரே நாளில் கைகோத்துக்கொண்டார்கள். 'சுவரில் ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல்' என்று திருவரசு ஒரு வரி எழுதினான். அது போதுமாக இருந்தது. ரேகை இல்லை, ஒலி இல்லை, மண்டபமும் இடிந்துவிட்டது. சுவரைக் கேட்போம் என்று தெருத்தெருவாகக் கத்தியவள் இப்போது, வெறும் வாயால் சொல்வதை நம்புங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. புவனேஸ்வரியோ, கேட்டதை வெளியே சொன்னால் உரிமம் போய்விடும் என்று கைவிரித்துவிட்டாள்.

அதோடு விட்டார்களா? ராயபுரத்தில் அவள் இருந்தது வாடகை வீடு, சுண்ணாம்புச் சுவர். ரசிகர் மன்றத்து ஆட்கள் நேரே வீட்டுக்காரரிடம் போனார்கள். அவள் மாதா கோயிலுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையில் சுவர்வாங்கி அவள் வீட்டுக்குள் நுழைந்தது. வீட்டுக்காரரின் ரேகையும் மன்றத்தின் ரேகையும் விழுந்தன. அது சட்டப்படி சரி. குடியிருப்பவரைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கெல்லாம் சொந்த வீடு இருந்தது.

அவள் பொய்க்காரி என்று காட்ட ஒரு சொல்லாவது சிக்காதா என்று தேடினார்கள். சிக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் கிடைத்த எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்து அவள் ஒரு மத்தியானம் "செத்துத் தொலையேன்" என்று கத்தியதை ஊர் கேட்டது. பிறகு குளியலறையில் அழுததையும் கேட்டது. மீன்கடைக்காரர்கூட அவள் முகத்தைப் பார்க்காமல் எடை போட்டார்.

ஜெனிட்டாவுக்கு அழுகை வரவில்லை. கையில் கிடைத்த தோசைக்கரண்டியால் கூடத்துச் சுவரைச் சுரண்டினாள். செங்கல் தெரியும்வரை சுரண்டினாள். பெயரெல்லாம் தெரியாத எத்தனை பேர் வீட்டுச் சுவர்களை, எத்தனை மண்டபங்களை, டெரன்ஸுக்காகத் திறக்கச் சொல்லி அவளே மனுப்போட்டிருப்பாள்! நினைக்க நினைக்கக் கை இன்னும் வேகமாக ஓடியது.

வெளியிட்டவர்கள் கேலிக்காக வேறொன்றையும் சேர்த்திருந்தார்கள். ஈப்போவிலிருந்து வந்தபின் அவள் சமையல் செய்தபடி பாடிப்பார்த்த பாட்டு. 'புராணக்காரியின் கச்சேரி' என்று தலைப்பு. கட்டைக் குரலில் அவள் பாடியிருந்தாள்:

'ஈயம் தோண்டின குழியில தண்ணி நிக்குது
எங்கப்பன் முகம் அதுல இன்னும் மிதக்குது.'

லட்சம் பேர் சிரித்தார்கள். சிரிப்புகளுக்கு அடியில் ஒரு நாள், பெயர் போடாத ஒருவர் தன் குரலைப் பதித்திருந்தார். வயதான பெண்குரல். ஈப்போத் தமிழ்.

"யாரும்மா நீ? பாடத் தெரியலன்னா பாடாத. முகம்னு யார் சொன்னது உனக்கு? முதுகு. எங்கப்பன் முதுகு அதுல இன்னும் மிதக்குது. குப்புறத்தான் கெடந்தாரு. முகத்தை நாங்க பார்க்கவே இல்ல."

ஜெனிட்டா சுண்ணாம்புத் தூள் அப்பிய விரல்களோடு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். முகம் என்பது அவளாகப் போட்டு நிரப்பிய சொல். அந்த இடத்தில் புட்டி உடைந்ததை அறிந்தவர்கள், சுவரைக் கேட்ட மூன்றே பேர். கொஞ்ச நேரத்தில், மறுப்புக் கட்சிப் பக்கத்திலிருந்து, 'வெறும் இரைச்சல்' என்ற திருவரசுவின் அந்த ஒரு வரி சத்தமில்லாமல் காணாமற்போனது.

அவள் கீழே எழுதினாள்: 'அம்மா, உங்க பேரைச் சொல்லுங்க. உலகத்துக்கே சொல்றேன்.'

பதில் மறுநாள் வந்தது.

"அன்னிக்கு அந்த இருட்டுல ஒருத்தனும் என் பேரைக் கேட்கல. இப்ப என்னா அவசரம்? உங்களுக்குத்தான் செவரெல்லாம் பேசுதே. போய் அதுக்கிட்டயே கேட்டுக்கோங்க."