ஆயிரத்து நூற்று நாற்பது கஜம்

கடை ஃபோன் அலறியது!

மார்லிஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தாள். மோன்டானாவின் ஆஷ் க்ரீக் ஊரில் இருக்கும் ஒரே துப்பாக்கி ரிப்பேர் கடை அவளுடையது. வயது ஐம்பத்திரண்டு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாய் மட்டும் உண்டு.

"மேடம்... ஒரு சந்தேகம்." இளைஞன் குரல். "துப்பாக்கி மேல தூரம் பார்க்கற ஸ்கோப்புக்கு அடியில மாட்டற பேஸ் இருக்கில்ல... அதுல சமமா இருக்கறது நல்லதா, சரிவா இருக்கறது நல்லதா?"

"எவ்வளவு தூரத்துக்கு அடிக்கப் போறே?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது கஜம்."

மார்லிஸ் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மான் வேட்டைக்காரன் எவனும் இப்படிப் பேசமாட்டான். 'ஒரு நானூறு, ஐந்நூறு' என்பான். மான் நாம் சொன்ன இடத்தில் வந்து நிற்குமா என்ன? கஜ சுத்தமாகத் தூரம் சொல்கிறான் என்றால், குறி எங்கேயும் நகராது.

அந்தத் தூரம் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு அளந்தது. கழுகு மேட்டிலிருந்து அவள் பிறந்த வீட்டு வைக்கோல் கொட்டகை வாசல் வரை... சரியாக ஆயிரத்து நூற்று நாற்பது!

அந்த வீட்டில் இப்போது இருப்பவன் அவள் தம்பி ஆர்டென். மேடு, கர்ட் ப்ரூனருடையது. ஓடைத் தண்ணீருக்காக ஆர்டெனோடு மூன்று வருடமாக மல்லுக்கு நிற்பவன். போன மாதம் ஆர்டெனின் இரண்டு மாடுகள் சுடப்பட்டுச் செத்தன. போன வாரம் டிராக்டர் கண்ணாடி சிதறியது.

அடுத்தது?

"சரிவு பேஸ்தான் வேணும்." வியாபாரக் குரலில் சொன்னாள். "துப்பாக்கியைக் கொண்டு வா தம்பி."

ரிசீவரை வைத்த கையோடு ஷெரிஃப் டெல் ஓகார்டைக் கூப்பிட்டாள்.

"டெல்! ஆர்டெனைக் கொல்லப் போறாங்க!"

"யாரு சொன்னா?"

"ஒரு பையன் பேஸ் கேட்டான். ஆயிரத்து நூத்தி நாப்பது கஜத்துக்கு."

மறுமுனையில் பெருமூச்சு. "மார்லிஸ், பேஸ் கேட்டவனையெல்லாம் பிடிச்சு உள்ள போட்டா, இந்த ஜில்லாவுல வெளிய நான் மட்டும்தான் இருப்பேன். மாடு சுட்டது யாருன்னே இன்னும் சாட்சி கிடைக்கல..."

"பொணம் கிடைச்சா சாட்சி சொல்லுமா?"

"கோபப்படாதே. ஆர்டென்கிட்டயே சொல்லேன்."

சொல்லலாம். அவன் கேட்க வேண்டுமே! அப்பா நிலத்தைப் பிரித்ததிலிருந்து நாலு வருடமாக அக்காளும் தம்பியும் பேசுவதில்லை. வெட்கத்தை விட்டு நம்பரை அழுத்தினாள்.

"ஆர்டென்... நான்தான்..."

டொக்!

மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாவி... உயிரைவிட உனக்கு ரோஷம் பெரிதாகப் போய்விட்டதா? அவளுக்கு அழுகை வந்தது.

மதியம் அந்த இளைஞன் வந்தான். ஊருக்குப் புதுசு. பூட்ஸ் முழுக்க ஓடைச் சேறு. புத்தம் புது ரைஃபிளை மேஜையில் வைத்தான்.

"யாருகிட்ட வேலை பார்க்கறே?"

"ஒரு பண்ணையில மேடம்." பார்வையைத் தாழ்த்தினான். "முதலாளி பேரைச் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு."

அதற்கு மேல் கேட்கவில்லை அவள். துப்பாக்கியோடு வந்தவனை இரண்டாம் முறை கேள்வி கேட்பது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை.

துரத்தி விடலாமா?

விட்டால் அடுத்த ஊருக்குப் போவான். அங்கே ஒழுங்காக மாட்டிக் கொடுப்பார்கள். ஆர்டென் செத்தான்!

"இதப் பாரு தம்பி." சரிவு பேஸைக் கையில் எடுத்தாள். "இதோட பின்பக்கம் ஒரு மயிரிழை உசரம். ஸ்கோப் தாழப் பார்க்கும், குழல் மேல பார்க்கும். தோட்டா தூரமா போய் விழும். சமமா இருந்தா பாதி தூரத்துலயே, குறியை உசத்தற ஸ்கோப் திருகு அதுக்கு மேல திரும்பாம நின்னுடும்."

"அப்போ இதையே மாட்டுங்க மேடம்."

"நீ போய் காப்பி குடிச்சிட்டு வா."

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். பேஸை எடுத்து... முன்பக்கத்தைப் பின்னாலும், பின்பக்கத்தை முன்னாலும் திருப்பி வைத்து, திருகுகளை முடுக்கினாள். முப்பது வருடத் தொழிலில் முதல் துரோகம். இனி நூறு கஜத்தில் துப்பாக்கி அச்சு அசலாக அடிக்கும். ஆயிரத்தில்? மூக்கைத் தரையில் குத்தும்!

"நூறு கஜத்துல சோதிச்சுப் பாரு. ஏதாவது தப்பா இருந்தா பணம் வாபஸ்."

"தேங்க்ஸ் மேடம்!"

அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் காலை ஷெரிஃபே கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"மார்லிஸ்... உட்காரு. ஆர்டென் போயிட்டான்."

"இல்ல!" கத்தினாள். "இருக்காது! அந்தத் துப்பாக்கி அவ்வளவு தூரம் போகவே போகாது!"

"எந்தத் துப்பாக்கி?"

"அந்தப் பையனோடது! கர்ட்டோட ஆள்!"

"அவன் கர்ட்டோட ஆள் இல்ல. ஆர்டெனோட புது வேலைக்காரன்."

மார்லிஸ் மனதுக்குள் அந்தத் தூரத்தைத் திருப்பி அளந்தாள்.

மேட்டிலிருந்து கொட்டகை எவ்வளவு தூரமோ... கொட்டகையிலிருந்து மேடும் அவ்வளவு தூரம்தானே!

"கர்ட் மேட்டுல படுத்துக்கிட்டு தினம் சுட்டிருக்கான். இன்னிக்கு ஆர்டெனைக் கொட்டகைக்குள்ள மடக்கிட்டான். வேற வழியில்லாம இவன் அந்த ரைஃபிளால திருப்பிச் சுட்டிருக்கான். மூணு தடவை. மூணும் ஓடையிலயே விழுந்துடுச்சு. திருகு பாதியில நின்னுடுச்சாம். நாலாவது வெடி கர்ட்டோடது."

"என் பேரைச் சொன்னானா... ஆர்டென்?"

"உன் கடைக்குத்தான் போகணும்னு பையன்கிட்ட அடிச்சுச் சொன்னானாம். 'என் பேர் தெரிஞ்சா மாட்டித் தரமாட்டா. ஆனா எங்க அக்கா மாட்டினா தப்பவே தப்பாது'ன்னு."

அவள் அழவில்லை. மேஜை மேல் கிடந்த திருகுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள்.

"கர்ட்?" என்றாள்.

"பிடிச்சாச்சு. விலங்கு மாட்டிக் கொட்டகைக்கு இழுத்துட்டு வந்தோம். ஆர்டென் துப்பாக்கியில பேஸ் திரும்பியிருக்குன்னு என் ஆள் சொன்னதைக் கேட்டுட்டான். விழுந்து விழுந்து சிரிச்சான்."

"என்ன சொன்னான் டெல்?"

ஷெரிஃப் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"'மாட்டினவங்களுக்கு என் தேங்க்ஸ் சொல்லிடுங்க'ன்னான். 'வெளிய வந்ததும் என் துப்பாக்கியையும் அங்கதான் கொடுக்கப் போறேன்... ஆனா பக்கத்துலயே நின்னு பார்த்துப்பேன்'னான்!"