பதினேழு பொருள்களுக்கு ஒரு சீட்டு

அந்தப் புதன்கிழமை மாலை சலவைக் கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: சீட்டு எழுதும் மேசைக்குப் பின்னால் பெரியப்பா. இஸ்திரிப் பலகைக்கு முன்னால் அம்மா. தரையில் உட்கார்ந்து சட்டைப் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த பொத்தான். வாசலில் நர்ஸ் அக்கா. நடைபாதையில், தன் வண்டியைப் பிடித்தபடி வண்டியம்மா. மொத்தம் ஐந்து பேர்.

அப்பா இல்லை. துவைத்த துணிகளை வீடுகளில் கொடுக்கப் போயிருந்தார். எதிர்க்கடைத் தையல்காரரும் இல்லை. அவர் தன் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பார்ப்பது வேறு, இருப்பது வேறு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொத்தானுக்குப் பத்து வயது. அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கடைக்கு வந்த துணிகளில் தளர்ந்த பொத்தான்களைக் கண்டுபிடிப்பதும், பைகளில் மறந்துபோன பொருள்களை எடுத்து வைப்பதும் அவள் வேலை. ஒரு முறை ஒரு கோட்டுப் பையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. அதை உறையில் போட்டு, சீட்டு எண் எழுதிப் பத்திரமாக வைத்தாள். கோட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு நன்றியும் சொன்னார்.

அந்தக் குடும்பம் அப்படி. முப்பத்தொரு வருடங்களில் அந்தக் கடையில் ஒரு கைக்குட்டைகூடக் காணாமல் போனதில்லை. ஒரே ஒரு காலுறை மட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்து, நான்கு வருடம் கழித்துக் கிடைத்தது. பெரியப்பா அதைத் துவைத்து, மடித்து, தானே நடந்துபோய்க் கொடுத்தார். அதன் ஜோடியை வாடிக்கையாளர் எப்போதோ எறிந்துவிட்டிருந்தார். அது வாடிக்கையாளரின் தவறு.

புதன்கிழமைதோறும் கடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். வீடு இல்லாமல் தெருவில் வாழ்கிறவர்களுக்கு அதில் வைத்தியம் பார்ப்பார்கள். வேனுக்கு வேண்டிய துண்டுகளை இந்தக் கடைதான் துவைத்துக் கொடுத்தது. அவற்றை வாங்கத்தான் நர்ஸ் அக்கா வந்திருந்தார். ஆனால் துண்டை மறந்துவிட்டு, வாசலிலேயே நின்று வண்டியம்மாவோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேரணும். அஞ்சே நாள்தான். குதிகால் புண் உள்ளே போய்க்கிட்டே இருக்கு. உங்களுக்குச் சர்க்கரை வேற. இன்னும் ஒரு வாரம் விட்டா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்."

"கட்டு மட்டும் போட்டு விடுங்க. அது போதும்," என்றார் வண்டியம்மா.

"மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க."

"நீங்களும் மூணு வாரமா அதையேதான் சொல்றீங்க."

நர்ஸ் அக்கா பெருமூச்சு விட்டு, அம்மாவின் பக்கம் திரும்பினார். "கெஞ்சிக் கூத்தாடி ஒரு கட்டில் வாங்கி வச்சிருக்கேன். ஆறு மணிக்குள்ள போகலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. இவ்வளவு பிடிவாதத்தை நான் பார்த்ததே இல்லை."

பொத்தான் வண்டியம்மாவைப் பார்த்தாள். அவருடைய வண்டி, குழந்தையை வைத்துத் தள்ளும் பழைய வண்டி. அதில் குழந்தை இல்லை. மேலே சுருட்டிய ஒரு நீலப் போர்வை இருந்தது. வண்டியம்மா பேசும்போதும் சிரிக்கும்போதும் ஒரு கை அந்தப் பிடியை விடவே இல்லை. யாராவது பக்கத்தில் நடந்து போனால், வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பைகளைப் பற்றிப் பொத்தானுக்குத் தெரியாதது இல்லை. முக்கியமான பொருள் எந்தப் பையில் இருக்கிறதோ, அந்தப் பையைத்தான் ஆட்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனா, வண்டியை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டாள்.

வண்டியம்மா சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படிக் கேளு. மூணு வாரத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீதான். உள்ளே வண்டியை விட மாட்டாங்க, கண்ணு. போன தடவை காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்தேன். ஆஸ்பத்திரிச் சுவரோரமா நிறுத்திட்டுப் போனேன். திரும்பி வந்தா சுவர் மட்டும் இருந்துச்சு. குப்பைன்னு அள்ளிட்டுப் போயிட்டாங்க. மறுபடி இவ்வளவு சேர்க்க ஒண்ணரை வருஷம் ஆச்சு."

நர்ஸ் அக்காவின் முகம் மாறியது. "இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க காலைப் பத்தித்தானே கேட்டீங்க?"

பொத்தான் எழுந்து மேசைக்குப் போனாள். "பெரியப்பா, இந்த வண்டிக்கு ஒரு சீட்டு எழுதலாமா? அஞ்சு நாள் நம்ம கடையில இருக்கட்டும்."

பெரியப்பா தலையைத் தூக்காமல் சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பேனாவால் காட்டினார். அதில் 'துணி மட்டும்' என்று எழுதியிருந்தது. அவரே எழுதியது.

"மேலே போர்வை இருக்கு பெரியப்பா. அது துணிதானே? சட்டைப் பையில பேனா இருந்தா, பேனாவையும் பத்திரமாத் திருப்பிக் கொடுக்கிறோம். இதுவும் அப்படித்தான். பை மட்டும் கொஞ்சம் பெரிசு."

அம்மா சிரிப்பை அடக்க இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"சரி. முகவரி?" என்றார் பெரியப்பா. "முகவரி இல்லாம சீட்டு கிடையாது. அது உனக்கே தெரியும்."

தெரியும். பழகிய சிலருக்கு மட்டும்தான் முகவரிக் கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதுவார். ஊர் முழுக்க அப்படி நாலே நாலு பேர். எதிர்க்கடைத் தையல்காரர் இருபது வருடமாக முயன்றும் ஐந்தாவது ஆளாக ஆகவில்லை.

"முகவரி எதுக்கு பெரியப்பா?"

"துணியை வாங்க வரலைன்னா, தேடிப் போய்க் கொடுக்க."

பொத்தான் நர்ஸ் அக்காவிடம் திரும்பினாள். "அந்தக் கட்டில் எங்கே இருக்கு?"

"ரெண்டாம் மாடி. மூணாம் வார்டு. பதினோராம் கட்டில்."

"கேட்டீங்களா பெரியப்பா? படுக்கிற கட்டில் வரைக்கும் தெரியும். நம்ம வாடிக்கையாளர்ல வேற யாருக்காவது இவ்வளவு சரியான முகவரி இருக்கா?"

பெரியப்பா பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

அதற்குள் வண்டியம்மா குறுக்கே பேசினார். "அட, சீட்டு யாரு வேணா கிழிச்சுக் கொடுப்பாங்க. சாமான் திரும்பி வரணுமே."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பெரியப்பா எழுந்து நின்றார். வேலை நேரத்தில் அவர் யாருக்காகவும் எழுந்ததில்லை.

"இந்தக் கடைக்கு முப்பத்தொரு வயசு ஆகுதும்மா. இதுவரைக்கும் ஒரு பொருள் காணாமப் போனதில்லை."

"அந்தக் காலுறை?" என்றாள் பொத்தான்.

"அது காணாமப் போகலை. தாமதமாச்சு." பெரியப்பா பெரிய சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். "வண்டியை உள்ளே கொண்டு வாங்க. பேரு?"

"எல்லாரும் வண்டியம்மான்னு கூப்பிடறாங்க."

"அப்படிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்."

"அப்போ அதுதான் பேரு."

பொத்தான் ஒவ்வொரு பொருளாக எடுத்துச் சொல்ல, பெரியப்பா எழுதினார். கடைக்கு வரும் துணியில் கறையோ கிழிசலோ இருந்தால் சீட்டில் முதலிலேயே குறிப்பது வழக்கம். பிறகு தகராறு வராது.

"நீலப் போர்வை ஒண்ணு. ஓரத்துல கிழிசல். கம்பளிக் கோட்டு ஒண்ணு, அதைப் போட்டுக்கறீங்களா? சரி, அதை விட்டுடலாம். தகர டப்பா ஒண்ணு, மூடியோட. கெண்டி ஒண்ணு, மூக்கு உடைஞ்சது."

"உடையலை. சின்னதா சில்லு போயிருக்கு," என்றார் வண்டியம்மா.

பெரியப்பா கெண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மூக்கில் சில்லு. தூசியுடன்," என்று எழுதினார்.

"தூசியை எல்லாமா எழுதுவாங்க?"

"இருக்கிறதை எழுதுவோம்."

வண்டியம்மாவுக்கு அது பிடித்துவிட்டது போலிருந்தது. அதற்குப் பிறகு அவரே ஒவ்வொன்றின் குறையையும் எடுத்துக் கொடுத்தார். குடையின் ஒரு கம்பி, கடிகாரத்தின் முள், செருப்பின் வார். எல்லாம் சேர்த்துப் பதினேழு பொருள்கள்.

"கடைசியா ஒண்ணு," என்றார். "எதையும் துவைக்கக் கூடாது. நான் சொல்லாம என் சாமானை எடுத்து எதாவது செய்யறவங்களை நிறையப் பார்த்துட்டேன்."

பெரியப்பா போர்வையைப் பார்த்தார். அது அவருடைய கடையில், அவருடைய தட்டில், ஐந்து நாள் அப்படியே இருக்கப்போகிறது. பிறகு 'துவைக்க வேண்டாம்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"வச்சிருக்கிறதுக்குக் கூலி?"

"துவைக்காத துணிக்கு இந்தக் கடையில கூலி வாங்கறதில்லை."

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது வெள்ளை வேன் கிளம்பியது.

மறுநாள் காலையிலேயே நர்ஸ் அக்கா கடைக்கு ஓடி வந்தார்.

"கொஞ்சமும் தூங்கலை. காலையில எழுந்து செருப்பைத் தேடறாங்க. வண்டியைப் பார்த்தே ஆகணுமாம். இப்போ நடந்தாங்கன்னா எல்லாம் வீணாயிடும்."

"நாம எழுதிக் கொடுக்கலாம் பெரியப்பா," என்றாள் பொத்தான். "எல்லாம் இருக்குன்னு. தினமும்."

அவளே கீழ்த்தட்டில் நிறுத்தியிருந்த வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணினாள். பெரியப்பா எழுதினார்: 'காலை எட்டு மணி. பதினேழும் உள்ளன.' கீழே கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்தினார்.

வெள்ளிக்கிழமை அதே தாள் திரும்பி வந்தது. கீழே கோணல் எழுத்தில் ஒரு கேள்வி: 'கெண்டி மூக்கு?'

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். 'மூக்கும் உள்ளது' என்று எழுதி, அதற்கும் ஒரு முத்திரை குத்தினார். அன்றைக்குத்தான் வண்டியம்மா முதன்முதலாக நன்றாகத் தூங்கினாராம்.

சனிக்கிழமை வந்த ஒரு வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் போனதும் அம்மா போர்வையை எடுத்து இயந்திரத்தின் பக்கம் நடந்தார். பொத்தான் ஓடிப்போய் இயந்திரத்தின் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"அம்மா, சீட்டைப் பாருங்க."

"பார்த்தேன்டி. பாவம், திரும்பி வரும்போது பூ மாதிரி இருந்தா அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்? நல்லதுதானே செய்யறேன்?"

"குப்பைன்னு அள்ளிட்டுப் போனவங்களும் நல்லதுன்னுதான்மா நினைச்சிருப்பாங்க."

அம்மா போர்வையோடு திரும்பி நடந்தார். அதை வண்டியில் வைத்தார். கை தானாக மடிக்கப் போனது.

"மடிக்கலைம்மா. சுருட்டித்தான் இருந்துச்சு."

அம்மா போர்வையைச் சுருட்டினார். வாழ்க்கையில் அவர் செய்த மிகக் கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

திங்கட்கிழமை மாலை வண்டியம்மா வந்தார். காலில் வெள்ளைக் கட்டு, கையில் ஒரு தடி, மறு கையில் சீட்டு.

"பாதம் தப்பிச்சுது," என்றார் நர்ஸ் அக்கா. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "புண் முழுசா ஆறுற வரைக்கும் தங்க ஒரு விடுதி பார்த்திருக்கேன். வண்டியை உள்ளே விடுவாங்களான்னு முதல்ல கேட்டேன். மத்ததெல்லாம் அப்புறம்தான் கேட்டேன். நம்ம வேன்ல எழுதற தாளிலயும் புதுசா ஒரு கேள்வி சேர்த்தாச்சு, 'உங்க சாமானை யார் பார்த்துப்பாங்க?'ன்னு."

"யாரும் இல்லைன்னா இங்கே அனுப்புங்க," என்றார் பெரியப்பா. "கீழ்த்தட்டு காலியாத்தான் இருக்கும்."

வண்டியம்மா சீட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவே இல்லை.

"கெண்டியில தூசி இருக்கே."

"வந்தப்பவும் இருந்துச்சு. சீட்டைப் பாருங்க," என்றார் பெரியப்பா.

அவர் பார்த்தார். தலையாட்டினார். பதினேழாவதாகப் போர்வையை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"தொடவே இல்லையா?"

"கிட்டத்தட்ட," என்றார் அம்மா.

வண்டியம்மா போர்வையை மேசைமேல் வைத்தார். "இதைத் துவைக்க எத்தனை நாள் ஆகும்?"

அம்மாவின் கை போர்வையைப் பிடித்த வேகத்தைப் பொத்தான் அதுவரை பார்த்ததில்லை. "நாளைக்கே தந்துடுவேன்."

"நாளைக்கே வேணாம். நல்லாக் காயட்டும். சீட்டு?"

பெரியப்பா ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். நர்ஸ் அக்கா உதவியாக, "விடுதி முகவரி சொல்றேன், எழுதிக்கறீங்களா?" என்று தொடங்கினார்.

பெரியப்பா சீட்டைக் கிழித்து நீட்டினார். பொத்தான் எட்டிப் பார்த்தாள். முகவரிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'தெரிந்தவர்.'

எதிர்க்கடைத் தையல்காரர் இன்றுவரை ஊரெல்லாம் ஒரு பேச்சைப் பரப்பிக்கொண்டிருக்கிறார். பதினேழு பொருள் உள்ளே போனதை எண்ணினாராம். பதினாறுதான் வெளியே வந்ததாம். ஆகவே அந்தக் கடையிலும் ஒரு பொருள் காணாமல் போய்விட்டதாம்.

அது தவறு. பதினேழாவது பொருள் நீலப் போர்வை. அப்போது அது இரண்டாவது இயந்திரத்தில் நுரையோடு சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கான சீட்டு வண்டியம்மாவின் கோட்டுப் பையில் இருந்தது.